ஜூன் முப்பதுக்குள்

தம்மாம்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள கிறிஸ்டினா,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் பாப்பாவும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பெனிட்டாவுக்கு இருமல் விட்டதா? ஆம்பூர் பனியில் காலையில் வாசலில் விளையாட விடாதே.

தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். அந்தப் போன் நம்முடையதா? ஸ்பீக்கரில் போட்டு அம்மா கேட்கிறாள், பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா கேட்கிறார், நடுவில் பாப்பா பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. எதிர் பிளாட் நயீம் பாய் தன் தோல் பை கடைக்குச் சரக்கு எடுக்க நாளை ஊருக்கு வருகிறார். அவர் பெட்டியில் எல்லோரும் பேரீச்சம்பழமும் தைலமும் கொடுத்தனுப்புகிறார்கள். நான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இனி முக்கியமான பேச்செல்லாம் இப்படியே போய்வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருட விசா முடிந்தது, ஊருக்குப் போய்ப் புது ஸ்டாம்பிங் அடித்துக்கொண்டு பதினைந்து நாளில் திரும்பிவிடலாம் என்றுதானே உங்களை ஏற்றிவிட்டேன். போன வருடமும் அப்படித்தான் செய்தோம். ஒன்றாம் தேதியிலிருந்து இங்கே சவுதியில் எல்லாம் மாறிவிட்டது. பல முறை போய்வரும் விசா நம் நாட்டுக்காரர்களுக்கு இனி கிடையாது. ஒரே முறை நுழைவு, முப்பது நாள், அவ்வளவுதான். இணையத்தில் பக்கத்தைத் திறந்தால் அந்தக் கட்டத்தையே காணோம். என் லேப்டாப்தான் கோளாறு என்று மூன்று முறை அணைத்துப் போட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. என் பெர்மிட்டில் தொழில் ‘ஏற்றி இறக்கும் தொழிலாளி’ என்று இருப்பது உனக்குத் தெரியும். ஏஜெண்டிடம் அன்றைக்கு இருந்தது அந்த விசாதான். நம் ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான், நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன் பேப்பரில் மூட்டை தூக்குவான். அந்தத் தொழில்காரனுக்கு நிரந்தரக் குடும்ப விசா தரமாட்டார்கள். ‘கணக்காளர்’ என்று மாற்றிவிட்டால் தருவார்கள். மேனேஜர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஜூன் முப்பது வரைதான் அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பாராம்.

என் பி.காம். சர்டிபிகேட் வேண்டும். பீரோவில் மேல்தட்டில் பச்சை ஃபைலில் இருக்கிறது. முதலில் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, பிறகு சென்னையில் இரண்டு முத்திரை. நீ எனக்காகப் போகலாம் என்று ஒரு அனுமதிக் கடிதம் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் முடித்துவிடு. கிச்சனில் உன் சாமான் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. வந்து நீயே பார்.

பாப்பாவுக்கு முத்தம்.

உன்
இன்பராஜ்


ஆம்பூர்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள பெனிட்டா அப்பாவுக்கு,

கிறிஸ்டினா எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. அத்தைக்குத்தான் முழங்கால் வலி, தைலம் வந்த அன்றே பாதி காலி. உங்களுக்குச் சாப்பாடு எப்படி நடக்கிறது? வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

விசா செய்தி இங்கே உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. நம் தெருவில் மட்டும் மூன்று குடும்பம் திரும்பிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. பில்கிஸ் அக்காவின் மருமகள் மெஹக் பால் குக்கரை அடுப்பில் வைத்த மாதிரி விட்டுவிட்டு வந்தாளாம், பதினைந்து நாள்தானே என்று. இப்போது அவள் வீட்டுக்காரர் அந்தக் குக்கரை எப்படித் திறப்பது என்று போன் போட்டுக் கேட்கிறாராம்.

பச்சை ஃபைலை எடுத்துப் பார்த்தேன். சர்டிபிகேட்டோடு உங்கள் காலேஜ் போட்டோவும் இருந்தது. அந்த மீசையைப் பார்த்து நானும் பாப்பாவும் சிரித்தோம். வருகிற புதன்கிழமை வேலூர் போகிறேன்.

என் பழைய ஷூ கம்பெனிக்கு பி.எஃப். விஷயமாக ஒருநாள் போய்வந்தேன். அஃப்ஸர் ஜஹான் அக்கா இன்னும் சாம்பிள் ரூமில்தான் இருக்கிறார். “இன்னாடி, ஃபாரின்காரி ஆய்ட்டே, எங்களையெல்லாம் ஞாபகம் கீதா?” என்று முதுகில் ஒரு அடி. ஒரு லேடீஸ் ஷூவின் மேல்தோல் பேட்டர்ன் காலில் சரியாக உட்காராமல் மூன்று நாளாகப் பேஜாராக இருந்தார்கள். எங்கே பிசகு என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். கையெல்லாம் மறக்கவில்லை போலிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
கிறிஸ்டினா


தம்மாம்
14 மார்ச் 2025

அன்புள்ள கிறிஸ்டினா,

நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது, ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

நீ சொன்ன புதன்கிழமை போய் இரண்டு புதன்கிழமை ஆகிவிட்டது. போனில் கேட்டால் “ஆகுதுங்க, ஆகுது” என்கிறாய். அம்மா பக்கத்தில் இருப்பதால் நான் மேலே கேட்பதில்லை. மனுக் கொடுத்த ரசீது எண்ணை எழுதி அனுப்பு. மேனேஜர் கேட்கும்போது காட்ட எனக்கு ஒரு எண்ணாவது வேண்டும்.

இனிமேல் பகலில் போன் எடுக்க மாட்டேன், ஆபீசில் புதுக் கட்டுப்பாடு. வீடியோவில் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறேன். பாப்பாவிடம் சொல்லி வை, இல்லாவிட்டால் அழும்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பேனாதான் சரியில்லை.

எண்ணை அனுப்பு.

இன்பராஜ்


ஆம்பூர்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள பெனிட்டா அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் இப்போதே ஜாஸ்தி. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஆபீசில் நாற்காலிக்கு ஒரு தலையணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குப் பிள்ளைக்கு ஒரு தலையணை தரமாட்டார்களா?

ரசீது எண் கேட்டிருந்தீர்கள். மனுவை வாங்கும் ஆள் லீவில் இருக்கிறாராம். பண்டிகை முடிந்து வரச் சொன்னார்கள். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஜூன் முப்பதுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பெனிட்டா இப்போது தமிழில் தன் பெயரை எழுதுகிறாள். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சண்டை போடுகிறாள். அத்தை சொல்லிக்கொடுக்கிறார். நாள் முழுக்க அத்தையோடுதான்.

நேற்று நயீம் பாயின் மனைவி ஹீனா பாபி வந்திருந்தார். ரம்ஜானுக்கு வந்த பாய் திரும்புவதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆற்காடு மக்கன் பேடாவும் ஒரு டப்பா இருக்கிறது. ஒரே நாளில் தின்று தீர்க்காதீர்கள்.

இப்படிக்கு
கிறிஸ்டினா


தம்மாம்
20 ஏப்ரல் 2025, ஈஸ்டர்

அன்புள்ள கிறிஸ்டினா,

உயிர்த்தெழுதல் திருநாள் வாழ்த்துகள். பேடா வந்தது. ரூமில் இருந்த எல்லோரும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள், எனக்கு இரண்டு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது பாப்பா என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? “அப்பா, அம்மா தினம் கம்பெனிக்குப் போய்டுது. சாய்ங்காலம் ஆறு மணிக்குத்தான் வருது.” இன்னா கம்பெனி, யாரைக் கேட்டுப் போகிறாய் என்று உடனே கத்தியிருப்பேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

வேலைக்குப் போவது குற்றமில்லை. கல்யாணத்துக்கு முன் நீ அங்கே பெயரோடு இருந்தவள், அது எனக்கும் பெருமைதான். சொல்லாமல் போனதுதான் உறுத்துகிறது. தினமும் கம்பெனிக்குப் போக நேரம் இருக்கிறவளுக்கு வேலூருக்கு ஒருநாள் போய்வர நேரமில்லையா?

முப்பது நாள் விசாவிலாவது மே மாதம் வந்துவிட்டுப் போங்கள் என்று பிப்ரவரியிலேயே போனில் சொன்னேன், பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றாய். ஆம்பூர் வெயில் மட்டும் ஊட்டியா?

எனக்குப் புரியும்படி ஒரு வரி எழுது. இன்னும் எழுபது நாள்தான் இருக்கிறது.

இன்பராஜ்


ஆம்பூர்
4 மே 2025

பெனிட்டா அப்பாவுக்கு,

இதை நான் அனுப்பப்போவதில்லை. கம்பெனியில் பேட்டர்ன் வெட்டி மிஞ்சிய அட்டையின் பின்பக்கம் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது.

சர்டிபிகேட்டை நான் கொடுக்கவே இல்லை.

மனு வாங்கும் ஆள் லீவு என்றது பொய். ஒரே ஒருமுறை போனேன், பிப்ரவரி 26. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வேலூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் பல்கலைக்கழக வாசல் வரைக்கும் போனேன். எதிர்க் கடையில் ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதற்கு முந்தின நாள்தான் அஃப்ஸர் ஜஹான் அக்கா கேட்டிருந்தார். “உன் இடத்துல ரெண்டு பேரைப் போட்டுப் பாத்துட்டோம். கை வரலை. நீ வர்றியா?” மார்ச் மூன்றாம் தேதி சேர்ந்தேன். அத்தைக்குத் தெரியும். “அவங்கிட்ட நானா சொல்ல மாட்டேன், நீயே சொல்லிக்கோ” என்றுவிட்டார்.

மூன்று வருடம் அந்த இரண்டு அறையில் நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. கெட்டவர் என்று சொல்லவில்லை. கேட்கத் தோன்றவில்லை. விசிட் விசாவில் இருக்கிறவள் வேலைக்குப் போகக்கூடாது. பாப்பாவுக்குப் பக்கத்து ஸ்கூலில் இடம் இல்லை. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை விசாவுக்காகக் கடல் பாலம் தாண்டி பஹ்ரைன் போய், ஒரு ஷவர்மா தின்று, முத்திரை குத்திக்கொண்டு அன்றைக்கே திரும்புவோம். அதை நீங்கள் ‘டூர்’ என்பீர்கள். எனக்கும் அது டூராகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. நாள்காட்டியில் அந்தத் தேதிக்கு நான் வட்டம் போட்டு வைத்திருப்பேன்.

விசா மாறிவிட்டது என்று கேட்டபோது மெஹக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாளைக்குப் பரீட்சை இல்லை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும், அப்படி. அதை நினைத்து எனக்கே அசிங்கமாக இருக்கிறது. நீங்கள் எனக்கு வேண்டும். அந்த வீடு வேண்டாம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு காகிதத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

கிறிஸ்டினா


ஆம்பூர்
11 மே 2025

அன்புள்ள பெனிட்டா அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கம்பெனிக்குப் போவது உண்மைதான். சொல்லாதது தப்பு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போனேன்.

சர்டிபிகேட் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடும் அதிகாரி மாறிவிட்டாராம். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இடுப்பு வலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?

கிறிஸ்டினா


தம்மாம்
3 ஜூன் 2025

கிறிஸ்டினா,

பக்ரீத்துக்கு நயீம் பாய் போன வாரமே ஊருக்கு வந்துவிட்டார். அவரிடம் போனில் ஒரு உதவி கேட்டேன். அவர் பல்கலைக்கழகத்துக்கே போய்க் கவுண்டரில் விசாரித்தார். என் பெயரில் மனுவே இல்லை. பிப்ரவரியிலிருந்து ஒருநாளும் இல்லை. நயீம் பாய் அதை என்னிடம் சொல்லத் தயங்கிய தயக்கம் இருக்கிறதே, அதைக் கேட்டு எனக்குக் காது கூசியது.

லீவில் போன ஆள் யார்? மாறிப்போன அதிகாரி யார்? நான்கு மாதமாக நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்தேன். என் உடம்பை விசாரித்த வரி மட்டுமாவது உண்மையா?

போனில் இதைக் கேட்கமாட்டேன். அம்மாவும் பாப்பாவும் கேட்கவேண்டிய பேச்சில்லை. நயீம் பாயின் தம்பி தௌசீப் நாளை கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன். 21ஆம் தேதி திரும்புகிறான். சர்டிபிகேட் அவனோடு வரவேண்டும். வராவிட்டால் ஜூன் முப்பதோடு அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். பிறகு நான் என்றைக்கும் இந்தப் பேப்பரில் எழுதியிருக்கிற தொழிலாளிதான்.

இன்பராஜ்


ஆம்பூர்
20 ஜூன் 2025

அன்புள்ள பெனிட்டா அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த ஒரு கேள்வியை உண்மையாகத்தான் எப்போதும் கேட்டேன். இன்றைக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பக்ரீத்துக்கு மறுநாள் நயீம் பாயும் ஹீனா பாபியும் பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாய் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் படித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு அத்தை காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார். “பாபி, இன்பா பாய் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கீறாரு. ஆனா எனக்கு மனசு கேக்கலை. பிப்ரவரி கடைசியிலயே கவர்மெண்ட் செக்கிங் வந்துட்சி. பெர்மிட்ல இன்னா வேலை எழுதிக்கீதோ அதைத்தான் செய்யணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அன்னிக்கிலேர்ந்து அவரு டைல்ஸ் பெட்டி தூக்குறாரு. பிளாட்டையும் குடுத்துட்டாரு, லேபர் கேம்ப்ல கீறாரு. வெள்ளிக்கிழமை வீடியோவுக்கு மட்டும் எங்க வீட்டுக்கு வருவாரு.”

அவர்கள் போனதும் உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன்.

இடுப்பு வலி, கோணல் எழுத்து, பகலில் எடுக்காத போன். நாற்காலிக்குத் தலையணை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியிருக்கிறேன். மாமா டேனரியில் ஈரத்தோல் சுமந்தே முதுகு வளைந்து போனவர், என் மகன் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லித்தான் உங்களைப் படிக்கவைத்தார் என்று அத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறார். அந்தப் படிப்புக்கான காகிதத்தைப் பூட்டிவைத்து உங்களைத் தூக்கவைத்தவள் நான்.

மறுநாளே கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். வேலூரில் மூன்று நாள், சென்னையில் ஏழு நாள். முடிந்துவிட்டது. நான்கு மாதம் இழுத்தது பத்தே நாளில் முடிந்துவிட்டது. கவுண்டரில் இருந்த அம்மா, “ஏம்மா, முன்னாடியே வந்திருக்கலாமே?” என்றார். நடு ஹாலில் நின்று அழுதேன். தௌசீப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து என் கையாலேயே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இதோடு ஒரு அட்டையும் இருக்கிறது. மே மாதம் எழுதி அனுப்பாமல் வைத்திருந்தேன். அதைப் படித்தால் என்மேல் கோபம் இன்னும் ஜாஸ்தியாகும். ஆனாலும் படியுங்கள், அதில் பொய் இல்லை.

நீங்களும் பொய் சொன்னீர்கள். பெட்டி தூக்குகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

கிறிஸ்டினா


தம்மாம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கிறிஸ்டினா,

ஏழு வாரம் எழுதவில்லை. போனில் பாப்பாவோடும் அம்மாவோடும் பேசிவிட்டு, “அம்மாகிட்ட குடு” என்று சொல்லாமலே வைத்தேன். அதை நீ கவனித்திருப்பாய். இடுப்பு இப்போது பரவாயில்லை. ஒரு பெல்ட் கட்டியிருக்கிறேன்.

சர்டிபிகேட் 22ஆம் தேதி கைக்கு வந்தது. 29ஆம் தேதி தொழில் மாறியது. ‘கணக்காளர்’. ஜூலை முதல் பழைய நாற்காலியில்தான் இருக்கிறேன். முதல் நாள் உட்கார்ந்ததும் ஒரே வரியை மூன்று முறை அடித்து எழுதினேன். மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

உன் அட்டையைப் படித்த அன்று கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அந்த அட்டை கிழியவில்லை, நல்ல தடிமன். அப்புறம் தினம் ஒருமுறை படித்தேன். ‘டூர்’ என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். நான் அன்றைக்கு ஆசையாகத்தான் கூட்டிப் போனேன். உனக்கு இஷ்டமான ஷவர்மா கடைக்காக அரை மணி நேரம் சுற்றுவேன். நீ வட்டம் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியும். டூருக்கு ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். வெளியே வரத் துடிக்கிறாய் என்று தெரியவில்லை.

ஒரு வரி எழுதியிருந்தால் ஓடியிருப்பேன் என்றாய். மூட்டை தூக்குகிறேன் என்று தெரிந்தால் பாவம் பார்த்து வருவாய். பாவம் பார்த்து நீ வரவேண்டாம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். அப்பா செத்துப்போனவர், அவருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று இருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். இன்னும் முழுசாக வரவில்லை. வரும்போது சொல்கிறேன்.

குடும்ப விசாவுக்கு மனு இப்போது திறந்திருக்கிறது. அதற்கு நம் கல்யாண சர்டிபிகேட்டில் முத்திரை வேண்டும். அனுப்பு என்று இந்த முறை சொல்லமாட்டேன். செப்டம்பர் 18, வியாழக்கிழமை, இருபது நாள் லீவில் வருகிறேன். நேரில் கேட்கிறேன். நேரில் பதில் சொல்.

இன்பராஜ்


ஆம்பூர்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள இன்பராஜுக்கு,

பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன், கோபப்படாதீர்கள். பெனிட்டா அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில்தான் நிறையப் பொய் சொல்லிவிட்டேன். பாப்பா யு.கே.ஜி. போகிறாள். அத்தைக்கு வேலூரில் காட்டி மாத்திரை வாங்கினோம், இப்போது தானாகவே மாடிப்படி ஏறுகிறார். பெல்ட்டை வேலை நேரத்தில் கழற்றாதீர்கள்.

நேரில் கேட்கிறேன் என்றீர்கள். ஆனால் தம்மாமிலிருந்து ஆம்பூர் வரை எதையோ எதிர்பார்த்துக்கொண்டு நீங்கள் வரவேண்டாம். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். குடும்ப விசாவில் நான் வரமாட்டேன்.

என் வேலை நிலையானது என்று சொல்லவில்லை. அமெரிக்காக்காரன் வரி போடுகிறான், ஆர்டர் நின்றுவிடும் என்று கம்பெனியில் ஒரே பேச்சு. போன வாரம் ஒரு லைனை நிறுத்திவிட்டார்கள். நாளைக்கே என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அடுத்த கம்பெனி வாசலில் போய் நிற்பேன். அங்கேயும் இல்லை என்றால் அதற்கடுத்தது. அந்த இரண்டு அறைக்குத் திரும்பமாட்டேன்.

சர்டிபிகேட்டுக்கு நான் ஓடியது என்னைக் கூட்டிப்போக இல்லை. நீங்கள் நாற்காலியில் உட்காரவேண்டும் என்பதற்காக. அதை விட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது, நாக்கு கூசும். அங்கே இருப்பதும் இங்கே வருவதும் உங்கள் முடிவு. முப்பது நாள் விசாவில் வருடத்துக்கு ஒருமுறை பாப்பாவோடு வருகிறேன், சந்தோஷமாக வருகிறேன். மன்னிப்பு எப்போது வருகிறதோ வரட்டும். நான் அவசரப்படுத்தமாட்டேன்.

18ஆம் தேதி அத்தையும் பாப்பாவும் ஸ்டேஷனுக்கு வருவார்கள். நான் வரமாட்டேன். அன்றைக்கு லீவு போடவில்லை, பத்து நாள் லீவு ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் படுங்கள். பைக்குக்கு அத்தையின் அண்ணன் மகன் பாண்டியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஷிஃப்ட் விடும் நேரத்தில் நம் ஊர்க் கம்பெனி வாசலில் பெண்டாட்டிக்காகப் பைக்கோடு காத்திருக்கும் ஆண்களைப் பார்த்திருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்தப் பக்கமாகப் போகும்போது, “பாவம், வாட்ச்மேன் வேலை” என்று நீங்கள் அவர்களைக் கிண்டல் செய்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது தினம் ஆறு மணிக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் வெளியே வருகிறேன். ஒவ்வொருத்தியும் தன் ஆளைத் தேடிக் கண்டுபிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டு போய்விடுவாள். நான் ஷேர் ஆட்டோவுக்கு நடப்பேன்.

எங்களுடையது மூன்றாவது கேட். நூறு பைக் நிற்கும். நான் சொன்ன பதிலுக்குப் பிறகும் வந்து நிற்க உங்களுக்கு மனம் வருமா என்று தெரியாது. வராவிட்டாலும் நான் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுவேன், சாப்பாடு போடுவேன், பேசுவேன்.

ஆனால் வந்து நில்லுங்கள்.

உங்கள்
கிறிஸ்டினா